ஒழுகாத வண்டி

பட்டறைக்காரன் வீட்டு வண்டி நடுரோட்டில் நின்றுபோவதைப் போல மானக்கேடு வேறில்லை. அண்ணி போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் தம்பி முதலில் கேட்டது, "யாராவது பாத்தாங்களா?" என்றுதான்.

"ஊரே பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. நீங்களும் வந்து பாருங்க" என்றாள் அண்ணி.

தம்பி என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். நாற்பதைத் தாண்டி, முன்மண்டை பளபளக்கத் தொடங்கிய பிறகும் எல்லாருக்கும் அவன் தம்பிதான். பட்டறைக்கு அண்ணன் ஒருவர் இருக்கும்போது இவன் வேறு என்னவாக இருக்க முடியும்? அண்ணனுக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது. மூக்கர். வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பிடித்து ஒரு இழுப்பு மூச்சு இழுத்தால் போதும், ஆயில் கருகுகிறதா, கிளட்ச் தேய்கிறதா, உள்ளே எங்காவது வயர் சூடேறுகிறதா என்று சொல்லிவிடுவார். தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால்தான் அவனுக்குப் பிடிபடும். மூக்கர் சொல்வார், தம்பி கழற்றுவான், சொன்னது சொன்ன இடத்தில் இருக்கும். இப்படியே பாதி ஆயுசு ஓடிவிட்டது.

வண்டி மேம்பாலத்து இறக்கத்தில் ஓரங்கட்டி நின்றது. அண்ணி வெளியே நின்று கைப்பையால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. வேலைக்குப் போகும் வழியில் இப்படி ஆகிவிட்டது.

"நல்லாத்தான் வந்துச்சு தம்பி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இழுவை கொறஞ்சு, இருமிட்டு நின்னுடுச்சு. சும்மா விட்டா மறுபடி கெளம்புது. கொஞ்ச தூரம் போனா திரும்பவும் அதே கத."

"பெட்ரோல் இருக்கா?"

"பட்டறையில வாக்கப்பட்டவகிட்ட கேக்குற கேள்வியா இது? அர டேங்க் இருக்கு."

நன்றாக ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறி நிற்பது. ஓய்வு கொடுத்தால் கிளம்புவது. தம்பிக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பின்பக்கம் போய்ப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகினான். மூடி இலேசில் அசையவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. பலம் கொடுத்துத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். கையை வாயருகே வைத்துப் பார்த்தான். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. வண்டியின் அடிவயிற்றில் 'டொம்' என்று தகடு ஒன்று உப்பி நிமிர்ந்தது.

"இப்ப எடுங்க அண்ணி."

வண்டி முதல் சாவியிலேயே கிளம்பிவிட்டது.

இந்த மாதிரி நேரங்களில் தம்பியால் சும்மா இருக்க முடியாது. எதிரே இருப்பவருக்கு வேண்டுமோ வேண்டாமோ, விளக்கியே தீர வேண்டும். "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா எண்ணெய் ஒழுங்கா வருதா? வராது. கடகடன்னு சத்தம்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்ட போட்டாத்தான் கம்பி மாதிரி எறங்கும். ஏன்னா எண்ணெய் வெளிய வர்ற அளவுக்குக் காத்து உள்ள போகணும். டேங்கும் அதே டின்னுதான் அண்ணி. பம்ப் பெட்ரோல உறிஞ்ச உறிஞ்ச, அந்த எடத்துக்குக் காத்து வந்தாகணும். வர்ற வழி அடைஞ்சிருச்சுன்னா உள்ள வெற்றிடம் ஆயிடும். கடைசியில டேங்க் இழுக்குற இழுப்புக்குப் பம்பால ஈடு குடுக்க முடியாது. வண்டி நின்னுடும். அவ்வளவுதான் விஷயம், காத்து போற வழி அடைப்பு."

சின்னக் கோளாறு, சுலபமாகப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. அண்ணி முகத்தில் அது தொற்றவில்லை.

"அப்ப ஒழுகல?" என்று கேட்டாள்.

"ஒழுகுறதா? இது அதுக்கு நேர் எதிர். காத்தே நொழைய முடியாத டேங்குல எங்க இருந்து ஒழுகும்?"

அண்ணி இஞ்சினை நிறுத்திவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கண்ணனுக்கு எங்க பாத்தாலும் பெட்ரோல் நாத்தம் அடிக்குது தம்பி."

"பட்டறையில சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. நான் மாட்டுன ஹோஸ் சரியில்லன்னு என்னத்தான் திட்டுவாரு."

"பட்டறையில மட்டும்னா பரவால்லையே. மழ முடிஞ்சதுல இருந்து இதே பாடு. போர்வைய நான் எத்தன தடவ தொவச்சிருக்கேன் தெரியுமா? ஆஸ்பத்திரித் துணியவே வெளுக்கிறவ நான், எனக்கு அதுல சோப்பு வாசனதான் வருது. அவரு எடுத்து வெளிய எறியிறாரு. சோத்துல நாறுதுங்கிறாரு. அடுப்பப் பத்த வைக்காத, வீடே எரிஞ்சு போயிடும்னு என் கையப் புடிக்கிறாரு."

தம்பி முன்கதவுப் பக்கம் வந்து குனிந்தான்.

"எங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட கேட்டேன். நாத்தம் நெஜமாவே இருக்கான்னு மொதல்ல பாத்துட்டு வாங்கன்னாரு. வண்டியில எங்கயாவது கசிஞ்சு, அது துணிமணியில ஏறியிருந்தா ஒண்ணுமே இல்ல, வண்டியச் சரி பண்ணிட்டா போதும். அப்படி இல்லாம, இல்லாத நாத்தம் அவருக்கு மட்டும் வருதுன்னா..." அவள் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "தலைய ஸ்கேன் எடுக்கணும். வாசன புரியிற எடம்னு மூளையில ஒண்ணு இருக்காம். அதுகிட்ட எதாவது வளந்துக்கிட்டிருக்கலாமாம்."

பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பிவிட்டுத் தாண்டிப் போனது.

"ஒரு சொட்டு ஒழுகுதுன்னு சொல்லுங்க தம்பி. ஒரே ஒரு சொட்டு. அதுக்கு மேல நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அண்ணியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூடியை இறுக்காமல் சும்மா வைத்து, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்தான் தம்பி. வழி நெடுக மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். பழைய சீட்டு உறையின் வாடை, அண்ணி தலையில் வைக்கும் எண்ணெய் வாடை, வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வாடை. அவனுடைய மூக்கு என்ன பெரிய மூக்கு? அதற்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிக்கொண்டான்.

பட்டறை வாசலில் பக்கத்துக் கடை டயர்காரர் நின்றிருந்தார். "என்ன தம்பி, ஊர் வண்டியெல்லாம் உங்க தயவுல ஓடுது. உங்க வண்டி யார் தயவுல ஓடப்போகுது?"

"உங்க டயருதான் பாரம் தாங்காம நின்னுபோச்சு" என்றான் தம்பி. அவர் சிரித்தார்.

மூக்கர் உள்ளிருந்து வந்தார். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார். வண்டி உள்ளே நுழைந்ததுமே இரண்டடி பின்வாங்கினார். "வருதுல்ல? உனக்கு வரல? டேய், இது என்ன மூக்கா இல்ல மாவுல புடிச்சு வச்சதா?"

"நல்லாப் பாத்துடுறேன் அண்ணே. இன்னிக்கு விடப்போறதில்ல."

"நீ மாட்டுன ஹோஸ்தான். போன மாசம் மாட்டுனியே. கிளாம்பு சரியா உக்காரல. நான் அன்னிக்கே சொன்னேன்."

"அதாத்தான் இருக்கும்" என்றான் தம்பி. மனதார அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினான். தன் வேலை மட்டமானது என்று தானே நிரூபித்துவிடத் துடித்த மெக்கானிக் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

டயர்காரர் மூக்கரை டீ குடிக்கக் கூட்டிப் போனார். "டீயிலயும் அதே நாத்தம்தான்யா, நான் சும்மா கூட வரேன்" என்று சொல்லிக்கொண்டே மூக்கர் போவது கேட்டது.

தம்பி வேலையில் இறங்கினான்.

தொட்டிக்குக் காற்று உள்ளே போனால் மட்டும் போதாது, ஆவி வெளியே வரவும் வழி வேண்டும். வெயிலில் நின்றால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி உப்பும். அதை அப்படியே ஊருக்குள் விடக்கூடாது என்று, நடுவில் ஒரு டப்பா வைத்திருப்பார்கள். உள்ளே பொடிக்கரி. கரிக்கு ஒரு குணம், ஆவியைப் பிடித்துத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சுத்தமான காற்று மட்டும் டப்பாவின் மறுமுனைக் குழாய் வழியாக வெளியேறும். பிறகு இஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். ஒரு சொட்டு வீணாகாது, ஒரு முனகல் கிடையாது. தம்பிக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. வண்டிக்குள் இப்படி ஒரு நாகரிகமான சாமான் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது என்று எப்போதும் ஆதங்கப்படுவான்.

ஆவிக்கு நிறமில்லை என்பதால் கசிவைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்குத்தான் புகை போட்டுப் பார்ப்பது. வெண்புகை கக்கும் பெட்டி ஒன்று பட்டறையில் இருந்தது. அதன் குழாயை ஆவி போகும் பாதையில் செருகி, ஊதினால் மெழுகுவர்த்தி அணையாத அளவு மெல்லிய அழுத்தத்தில் புகையை ஏற்ற வேண்டும். முதலில் கரி டப்பாவின் மறுமுனை வழியாகப் புகை எட்டிப் பார்க்கும். பார்த்ததும் அந்த முனையை அடைத்துவிட வேண்டும். அப்போது போக்கிடம் இல்லாத புகை, எங்கே ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அங்கே தலையைக் காட்டும்.

தம்பி தொட்டியின் மூடியை இறுக்கி, பெட்டியை இயக்கிவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குழாயின் முனை இருக்கும் இடத்தில் டார்ச்சுடன் குந்தினான். காத்திருந்தான். புகை வரவில்லை. பெட்டியின் முள் மட்டும் ஏறி, ஏறிய இடத்தில் ஆணி அடித்தது போல நின்றது.

எழுந்துபோய் தான் மாட்டிய ஹோஸை டார்ச் அடித்துப் பார்த்தான். புகை இல்லை, ஈரமும் இல்லை. கிளாம்பைச் சுற்றிப் பார்த்தான். தொட்டியின் ஓரங்கள், அளவுக்கருவி உட்கார்ந்திருக்கும் மூடி, இஞ்சின் வரை ஓடும் குழாய், ஒவ்வொரு மூட்டும். சக்கரம் வைத்த பலகையில் படுத்து அடியில் நகர்ந்து நகர்ந்து பார்த்தான். ஒரு நூல் புகை கூட இல்லை. முள் அசையவில்லை. இத்தனை வயதான வண்டியில் இப்படி ஒரு இறுக்கத்தை அவன் பார்த்ததே கிடையாது. கம்பெனியிலிருந்து வரும் புது வண்டி கூடக் கொஞ்சம் கசியும்.

பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தடுப்பை எடுத்தான். கரி டப்பாவின் குழாய் முனை தெரிந்தது. அதன் வாயில் ஒரு ரப்பர்க் கட்டை. அளவுக்குச் சீவி, வெள்ளை டேப் சுற்றி, உள்ளே செலுத்தி, மேலே கிளாம்ப் போட்டிருந்தது. கிளாம்பின் திருகு கீழ்ப்பார்வையாக இருந்தது. அடுத்து வருகிறவன் ஸ்குரூடிரைவர் சிரமமில்லாமல் போகட்டும் என்று எல்லாத் திருகையும் ஒரே பார்வையாக வைக்கிற ஆள் அந்தத் தெருவில் ஒருவர்தான்.

தொட்டியின் மூடியைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பினான். நடுவில் காற்று உள்ளே போகும் சின்ன வால்வு. அதன் மேல் கறுப்புப் பசை, பிசிறில்லாமல், நெற்றியில் பொட்டு வைத்தது போல அத்தனை அழகாக.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். கோளாறைக் கண்டுபிடித்தாகிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்த வேலைப்பாட்டைப் பார்த்துக் கை தட்டியிருப்பான்.

மூக்கர் டீக்கடையிலிருந்து வரும்போது அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கையில் ரப்பர்க் கட்டை இருந்தது. அவர் அதைப் பார்த்தார். மறைக்கவோ மழுப்பவோ இல்லை.

"அத ஏண்டா புடுங்குன?"

"நீயா அண்ணே அடைச்ச?"

"பின்ன, நாத்தம் வந்தா அடைக்காம வேடிக்க பாக்கணுமா?"

"டேங்க் மூச்சு விடணுமே அண்ணே."

"தெரியும்."

"தெரிஞ்சேவா அடைச்ச?"

"தெரிஞ்சுதாண்டா. மூச்சு விட்டா நாறுது, நான் என்ன செய்யட்டும்? மொதல்ல இதத்தான் அடைச்சேன். ரெண்டு நாள் நின்னாப்ல இருந்துச்சு. மறுபடி வந்துச்சு. மூடியில பசை வச்சேன். அதுக்கும் வந்துச்சு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூக்கின் இரு பக்கமும் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. "இதுக்கு மேல அடைக்க எடமில்லடா இந்த வண்டியில."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும்" என்றார் மூக்கர். "உங்கண்ணி கதவச் சாத்திக்கிட்டுப் போன்ல பேசுவா. கதவச் சாத்துனா எனக்குக் காது போயிடும்னு நெனப்பு. காது நல்லாத்தான் இருக்கு. மூக்குதான்..." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கயோ ஒரு எடத்துல கசியுதுடா. இல்லாமயா எனக்கு இப்படி வரும்? நீ பொறுமையாப் பாக்குறவன். கழட்டிக் கழட்டிப் பாரு. கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீன்னா ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். கண்டுபிடிச்சுக் குடுடா தம்பி."

அண்ணன் அவனிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"பாக்குறேன் அண்ணே. நீ போய் மூஞ்சி கழுவிட்டு வா."

மூக்கர் பின்புறக் குழாயடிக்குப் போனார். அடைப்பு நீங்கிய தொட்டி தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தம்பி பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். தொட்டியிலிருந்து வடிகட்டிக்குப் போகும் ரப்பர்க் குழாயில், தான் மாட்டிய கிளாம்பில், ஸ்குரூடிரைவரை வைத்தான். அவன் கையில் இதுவரை தளர்ந்த கிளாம்ப் எல்லாம் மறுபடி இறுக்குவதற்காகத் தளர்ந்தவை. இதை ஒரு சுற்று திருகினான். அசைத்தான். குழாயின் ஓரத்தில் ஈரம் அரும்பியது. இன்னும் கால் சுற்று. சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு அவன் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை குளிர்ச்சியாக ஓடியது.

சொட்டுச் சொட்டாகத் தரை நனைந்தது. வாடை எழும்பியது. கண் எரியும் அளவுக்குச் சுத்தமான, சத்தியமான பெட்ரோல் வாடை.

"என்னய்யா, பங்க் ஆரம்பிச்சுட்டீங்களா உள்ள? குடலப் புரட்டுது" என்று பக்கத்துக் கடையிலிருந்து டயர்காரர் குரல் கொடுத்தார். "பீடிய அணச்சிட்டேன். சொல்லிட்டுச் செய்யுங்கப்பா."

அந்த நேரத்தில்தான் அண்ணி வந்தாள். வேலையில் இருப்புக்கொள்ளாமல் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாசல் தாண்டி ஒரு அடி வைத்ததும் நின்றாள். அவள் மூக்கு விடைப்பதைத் தம்பி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான்.

"தம்பி, வருதே" என்றாள். மெதுவாக, நம்ப முடியாதவள் போல. "எனக்கே வருதே. நல்லா வருதே."

"கெடச்சிருச்சு அண்ணி. என் தப்புதான். நான் மாட்டுனதுதான் லூசா இருந்துருக்கு."

அண்ணி புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாவி தம்பி, ஏன் தம்பி இப்படிப் பண்ணுனீங்க?" என்று திட்டினாள். அத்தனை சந்தோஷமாக அவனை யாரும் திட்டியதில்லை. உடனே பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. வந்து பாருங்க. தம்பி கண்டுபுடிச்சிட்டாங்க."

மூக்கர் முகம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். "எங்க? எங்கடா?"

"இங்க அண்ணே. அடியில. வந்து பாரு."

வயதை மறந்து அப்படியே தரையில் படுத்து, உள்ளே நகர்ந்து வந்தார் மூக்கர். இருவர் தோளும் இடித்துக்கொண்டன. தம்பி டார்ச்சை அந்த இடத்தில் அடித்தான். சொட்டு திரண்டு, மினுங்கி, விழுந்தது. மூக்கர் முகத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எப்போதும் செய்வதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி இழுத்தார். விரலை நீட்டிச் சொட்டைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"தண்ணி" என்றார்.

தம்பி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"மழத் தண்ணி எங்கயோ தேங்கியிருந்து சொட்டுதுடா. இதுல ஒரு வாசனையும் இல்ல." அவர் குரலில் ஏமாற்றம் மட்டும்தான் இருந்தது. குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார், "நான் சொல்றது இது இல்ல. நான் சொல்ற நாத்தம் அந்தப் பக்கம் இருந்து வருது பாரு." ஈர விரலால் வாசலைக் காட்டினார். அங்கே அண்ணி நின்றிருந்தாள். அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்த பாதங்கள், பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன.

மூக்கர் ஊர்ந்து வெளியே போனார். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

தம்பி கிளாம்பை இறுக்கத் தொடங்கினான். ஒன்றேகால் சுற்று, அதில் வேலை முடிந்தது. சொட்டு நின்றுபோனது. அவன் ஸ்குரூடிரைவரை எடுக்கவில்லை. குழாயைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"தம்பி" என்று அண்ணி கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது, கடைக்குப் போகச் சொல்வதைப் போல. "வண்டி ஓடுமா? ஸ்கேன் எடுக்குற எடத்துல கேட்டு வச்சிருந்தேன், நாலு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க."

"ஓடும் அண்ணி" என்றான் அவன், வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தபடி. "நல்லா ஓடும்."